வேலைக்குப் போகும் கில்ட்

ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் இருப்புச் சரிபார்க்கச் சென்றிருந்தேன். கட்டம் போட்ட லுங்கிகள் அலமாரியில் அடுக்கடுக்காக இருந்தன. அவற்றை எண்ணிக் குறித்துக் கொண்டிருக்கையில் சங்கத்தின் மூத்த அங்கத்தினர் ஒருவர் தம் பேரனின் கைப்பேசியை என்னிடம் நீட்டி ஒரு படத்தைக் காட்டினார். வெள்ளைக்காரர் ஒருவர் எழுதுமேசையின் முன் நிற்கிறார். மேலே சட்டையும் கோட்டும். கீழே முழங்கால் வரை கட்டம் போட்ட கொசுவத் துணி. "ஏன் சார், இது நம்ம லுங்கிக் கட்டம்தானே? இதைக் கட்டிக்கிட்டு ஆபீசுக்கு வர விடுறாங்களா?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்ததை இரண்டு வார்த்தையில் சொல்லிவிட்டு எண்ணும் வேலைக்குத் திரும்பினேன். ஆயினும் அது போதிய விடை அன்று என்று பேருந்தில் திரும்பும்போதே தோன்றிற்று. அவர் கேட்டது உடையைப் பற்றி மட்டும் அன்று. ஒரு துணியை ஜனங்கள் தினசரி உடுத்துவதும், ஆண்டுக்கு ஒருநாள் உடுத்துவதும் தறிக்கு என்ன செய்யும் என்பதும் அந்தக் கேள்வியில் அடங்கியிருந்தது. ஆகவே சற்று விரிவாகவே இங்கு எழுதுகிறேன்.

படத்தில் இருந்தது ஸ்காட்லாந்து தேசத்து ஆடவர் உடையாகிய கில்ட். அதன் கட்டத்துக்கு டார்ட்டன் என்று பெயர். நம் கட்டத் துணியைப் போலவே முன்னதாகச் சாயமிட்ட நூலைப் பாவிலும் ஊடையிலும் வரிசைப்படி வைத்து நெய்வதே டார்ட்டன். ஆனால் வித்தியாசங்கள் உண்டு. நம் லுங்கி பருத்தி; அது கம்பளி. நம்முடையது சாதா நெசவு. அது இரண்டு இழை மேலும் இரண்டு இழை கீழுமாகச் சென்று சாய்வரி விழும் ட்வில் நெசவு. ஆகவே இரு நிறங்கள் சந்திக்கும் இடத்தில் சாய்வரி தெரியும். கலப்பு நிறம் ஒன்று பிறக்கும். பாவில் எந்த வரிசையோ அதே வரிசைதான் பெரும்பாலும் ஊடையிலும். ஒரு கட்டத்தின் நூல் எண்ணிக்கை நடுப்புள்ளி வரை சென்று, அங்கிருந்து கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பி வரும். இந்த எண்ணிக்கையைக் குறித்து வைத்துக்கொண்டால் எந்த ஊர்த் தறிக்காரரும் அதே கட்டத்தை நெய்துவிடலாம்.

நல்ல கில்டுக்கு நீள இழைகளைச் சீவி இறுக முறுக்கிய வொர்ஸ்டெட் என்னும் கம்பளி நூலே உகந்தது. ஐம்பத்து நான்கு அங்குலத்துக்கு மேற்பட்ட அகலத்தில் நெய்த துணியில் நான்கு கஜம் எடுத்து, அதை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, ஒன்றோடொன்று இணைத்தால் எட்டு கஜம் கிடைக்கும். மரபான கில்டின் கணக்கு இதுதான். கஜத்துக்குப் பதினாறு அவுன்ஸ் எடையுள்ள கனத்த துணியானால் நான்கு கஜத்துக்கு அறுபத்து நான்கு அவுன்ஸ். அதாவது நான்கு பவுண்டு, ஏறக்குறைய 1.8 கிலோ. ஒரு மனிதன் இடுப்பில் சுற்றிக்கொண்டு நடக்கும் எடை இது!

இனி நெசவாளர்கள் கவனிக்க வேண்டிய ஒரு நுணுக்கம். கில்டின் கீழ் விளிம்பை மடித்துத் தைப்பதில்லை. தறியில் விழுந்த ஓரமே முழங்காலில் தொங்கும் ஓரம். மடித்துத் தைத்தால் கொசுவங்கள் தடித்து நிற்கும், நடையில் வீசாது. ஆகவே கில்டுக்கென நெய்யும் துணியில் ஓரம் துல்லியமாக, இழை துருத்தாமல், மெலிந்தோ தடித்தோ போகாமல் இருக்கவேண்டும். ஓரம் இழுபட்டிருக்கிறது என்று நம் சங்கங்களில் ரகம் குறைக்கும்போது சில அங்கத்தினர்கள் முணுமுணுப்பதுண்டு. "ஓரத்தை யார் பார்க்கப்போகிறார்கள்?" என்பார்கள். கில்ட் நெய்பவனுக்கு அந்தச் சலுகை கிடையாது. அவன் நெய்த ஓரத்தை வீதியில் எதிரே வருகிறவர்கள் எல்லோரும் பார்க்கிறார்கள்.

எட்டு கஜத்தில் முன்பக்கம் தட்டையாக இரண்டு மடிப்புகள், ஒன்றன்மேல் ஒன்று. மற்றதெல்லாம் பின்புறம் ஏறக்குறைய இருபத்தைந்து முப்பது கொசுவங்களாக அடங்கும். இதைச் சாதாரணக் கொசுவம் என்று எண்ணவேண்டாம். தையற்காரர் ஒவ்வொரு கொசுவத்திலும் கட்டத்தின் எந்தக் கோடு வெளியே தெரியவேண்டும் என்று கணக்கிட்டு மடிக்கிறார். ஒரு முறையில், மடித்த பின்னும் முழுக் கட்டமும் மடிக்காத துணியைப் போலவே தெரியும். மற்றொரு முறையில், எல்லாக் கொசுவத்திலும் ஒரே கோடு நிற்கும். இது படைகளில் வழங்கும் முறை. நெய்தவர் ஒரு கட்டத்தைச் சற்றுப் பெரிதாகவும் அடுத்ததைச் சற்றுச் சிறிதாகவும் விட்டிருந்தால் இந்தக் கணக்கு முழுவதும் குலைந்துவிடும். கையால் தைத்து முடிக்க இருபது மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

இவ்வளவு சிரமமான உடையை வேலைக்கு உடுத்துவார்களா என்று கேட்கலாம். உண்மையில் அது வேலைக்கென்றே பிறந்த உடை.

பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்காட்லாந்தின் மலைநாட்டார் உடுத்தியது ஃபேலா மோர், அதாவது பெரிய போர்வை. அக்காலத் தறி குறுகலானது. ஆகவே இரண்டு அகலங்களை நீளவாக்கில் மூட்டி, நான்கு முதல் ஆறு கஜம் வரை நீளமுள்ள போர்வையாக்கினார்கள். அதைத் தரையில் விரித்துக் கொசுவி, அடியில் கச்சையை வைத்து, அதன்மேல் படுத்து, இடுப்பில் இறுக்கிக்கொண்டு எழுவார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் முறை. இடுப்புக்குக் கீழே பாவாடை போலாகும். மேலே மிஞ்சியதைத் தோளில் போட்டுக் குத்திக்கொள்ளலாம். மழை பெய்தால் தலைக்கு மூடு. இரவில் கச்சையை அவிழ்த்தால் அதுவே படுக்கை. மாடு ஓட்டிக்கொண்டு பல நாள் மலையில் திரிபவனுக்கும், முழங்கால் நீரில் ஓடை கடப்பவனுக்கும் இதைவிட உகந்த உடை வேறென்ன உண்டு? கால்சட்டை நனைந்தால் நாள் முழுதும் ஈரம். வெறுங்கால் நனைந்தால் துடைத்துக்கொண்டு நடக்கலாம்.

மேற்பாதியைக் கழற்றிவிட்டு, கீழ்ப்பாதியை மட்டும் தனி உடையாக ஆக்கியதே இன்றைய கில்ட். ஃபேலா பெக், சிறிய போர்வை. இதை யார் முதலில் செய்தார் என்பதில் வழக்கு உண்டு. தாமஸ் ராலின்சன் என்னும் ஆங்கிலேயர் இன்வர்காரி என்னுமிடத்தில் இரும்பு உருக்கும் உலை நடத்தினார். 1727-ம் ஆண்டில் கிளென்காரித் தலைவருடன் அதற்கான ஒப்பந்தம் செய்துகொண்டார். உலைக்கு மரம் வெட்டும் ஆட்களுக்கும் உலையில் நிற்கும் ஆட்களுக்கும் தோளில் தொங்கும் பெரும்போர்வை இடைஞ்சலாக இருந்ததைக் கண்டு, கீழ்ப்பாதியை வெட்டிப் பிரித்துத் தைக்கச் செய்தார் என்று, பின்னர் 1785-ல் அச்சேறிய ஒரு கடிதம் கூறுகிறது. ஒரு தொழிலதிபர், அதிலும் ஆங்கிலேயர், தம் தேசிய உடையைக் கண்டுபிடித்தார் என்பதை ஸ்காட்லாந்தார் பலர் ஏற்பதில்லை. அதற்கு முன்பே கீழ்ப்பாதியைத் தனியே உடுத்தும் வழக்கம் இருந்தது என்பர். என் கருத்தில் அது அவ்வளவு முக்கியமில்லை. யார் வெட்டினாலும் வேலைக்கு வசதி என்பதற்காகவே வெட்டினார்கள் என்பதில் இரு தரப்புக்கும் பிணக்கு இல்லை.

இந்த உடையைத்தான் சட்டம் தொட்டது. 1746 ஏப்ரல் 16-ல் கல்லோடன் களத்தில் ஸ்டூவர்ட் வம்சத்துக்காக எழுந்த கிளர்ச்சி முறியடிக்கப்பட்டது. கிளர்ச்சிப் படையில் மலைநாட்டார் மிகுதி. அவர்களது ஆயுதத்தோடு உடையையும் பறிப்பதென்று பிரிட்டிஷ் பார்லிமெண்டு முடிவு செய்தது. அதே ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம் 1747 ஆகஸ்டு முதல் தேதியிலிருந்து ஆண்களும் சிறுவர்களும் மலைநாட்டு உடை அணிவதைத் தடை செய்தது. தடுக்கப்பட்ட உடைகளின் பட்டியலில் சிறிய கில்ட் பெயர் சொல்லியே குறிக்கப்பட்டிருக்கிறது. அதற்குள் அது எவ்வளவு பரவியிருந்தது என்பதற்கு இதுவே சான்று. முதல் குற்றத்துக்கு ஆறு மாதச் சிறை. இரண்டாம் குற்றத்துக்கு ஏழாண்டு நாடுகடத்தல். அரசாங்கப் படையில் சேர்ந்தவனுக்கு மட்டும் விலக்கு.

அரசாங்கத்தின் பக்கமே நின்ற தலைமை நீதிபதி டங்கன் ஃபோர்ப்ஸ் இந்தத் தடையை விரும்பவில்லை. ஆயுதத்தைப் பறிப்பது சரி. உடையைப் பறித்தால் அரசுக்கு விசுவாசமாக இருந்தவர்களும் தண்டிக்கப்படுவார்கள். மலையில் மாடு மேய்த்து வெளியில் படுத்துறங்கும் மக்களுக்கு அந்த உடையின்றி வேலை நடவாது என்ற கருத்தில் அவர் எழுதினார். உடையின் அழகைப் பற்றியோ பெருமையைப் பற்றியோ அவர் வாதாடவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். வேலையைப் பற்றி மட்டுமே வாதாடினார். அவர் சொல் எடுபடவில்லை.

தடை 1782-ம் ஆண்டு ஜூலை முதல் தேதி நீங்கிற்று. முப்பத்தைந்து ஆண்டுகள்! தடை தொடங்கியபோது பிறந்த குழந்தைக்கு அப்போது மக்களே இருந்திருப்பார்கள். அதற்குள் சாதாரண உழைப்பாளி கால்சட்டைக்குப் பழகிவிட்டான். ஆகவே திரும்பி வந்த கில்ட் மாடு மேய்ப்பவனிடம் வரவில்லை. பிரபுக்களிடமும் சங்கங்களிடமும் விழாக்களிடமும் வந்தது. 1822 ஆகஸ்டில் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபோது நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் வரவேற்பை ஏற்பாடு செய்தார். அரசரே கில்ட் உடுத்தினார். அதன்பின் டார்ட்டனுக்கு மவுசு பெருகியது. ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு கட்டம் என்னும் வழக்கம் இவ்வளவு உறுதியாக நிலைத்ததும் பெரும்பாலும் இக்காலத்தில்தான்.

நெசவாளர் பக்கம் இதில் சுவையான செய்தி ஒன்று உண்டு. தடைக்காலத்திலும் தறி ஓயவில்லை. மலைநாட்டுப் படைப்பிரிவுகள் கில்டையே சீருடையாகக் கொண்டிருந்தன. ஸ்டர்லிங் நகரை அடுத்த பானக்பர்ன் ஊரில் இருந்த வில்சன் நிறுவனம் படைகளுக்கு டார்ட்டன் நெய்து கொடுத்து வளர்ந்தது. 1819-ல் அந்நிறுவனம் தன் கட்டங்களின் நூல் எண்ணிக்கைகளை ஒரு மாதிரிப் புத்தகமாக எழுதி வைத்தது. இன்று டார்ட்டன் ஆராய்ச்சியாளர்கள் அந்தப் புத்தகத்தையே முதலில் புரட்டுகிறார்கள். எந்த நிறத்தில் எத்தனை இழை என்று குறித்து வைக்கும் வழக்கம் நம் சங்கங்களிலும் உண்டுதான். ஆனால் மாதிரிப் புத்தகம் எங்கே என்று நான் கேட்டால், பல இடங்களில் மேஸ்திரியின் தலையைக் காட்டுகிறார்கள்.

படைவீரனுக்குக் கில்ட் விழா உடை அன்று. தினசரி வேலை உடை. முதல் உலகப் போரில் மலைநாட்டுப் படையினர் அதை உடுத்திக்கொண்டே பதுங்குகுழியில் நின்றார்கள். பளிச்சென்ற கட்டம் எதிரிக்குத் தெரியாதிருக்க அதன்மேல் காக்கி மேலாடை கட்டினார்கள். அங்கேதான் இந்த உடையின் குறைகளும் வெளிப்பட்டன. கொசுவத்துக்குள் பேன் குடியேறிற்று. சேறு ஏறிய கம்பளி மேலும் கனத்தது. குளிரில் அந்தச் சேறு உறைந்தபோது விளிம்பு முழங்காலின் பின்புறத்தை அறுத்தது. இரண்டாம் உலகப் போரின் தொடக்கத்தில், 1940 அளவில், கில்ட் போர்க்கள உடையாக இருப்பது நின்றது. அணிவகுப்பில் மட்டும் தங்கியது. மலைக்கு உகந்த உடை குழிக்கு உகந்ததாக இல்லை, அவ்வளவுதான்.

இனி இன்றைய நிலைமை. மூத்த அங்கத்தினரின் கேள்விக்கு நேரான விடை: ஸ்காட்லாந்தில் கில்ட் மரியாதையான ஆடவர் உடை. அலுவலகத்துக்கு உடுத்தி வந்தால் அது குறைந்த உடை என்று யாரும் கருதமாட்டார்கள். ஆனால் உடுத்தி வருபவர் சிலரே. பலருக்கு அது கல்யாண உடை. அதையும் பலர் வாங்குவதில்லை. கடையில் வாடகைக்கு எடுக்கிறார்கள்.

கணக்குப் பார்க்கும் என் தொழில் புத்தி இந்த இடத்தில் நின்றுவிட்டது. வாடகைக் கடையின் ஒரு கில்ட் இன்று ஒருவர் இடுப்பில். அடுத்த வாரம் வேறொருவர் இடுப்பில். எத்தனையோ மாப்பிள்ளைகள் உடுத்தினாலும் தறியிலிருந்து இறங்கியது ஒரே ஒரு நான்கு கஜம். விழாவில் எல்லோரும் கில்ட் உடுத்தியிருப்பதைப் பார்த்து, நெசவாளருக்கு நல்ல காலம் என்று ஒருவர் எண்ணினால் அது தவறான எண்ணம். இதற்கு மாறாக, தினந்தோறும் உடுத்துபவர் ஒருவருக்கு மாற்றிக் கட்ட இரண்டு மூன்றாவது வேண்டும். நன்கு நெய்த கில்ட் பல்லாண்டு உழைக்கும் என்பது உண்மையே. எனினும் வாங்குபவர் சொந்தமாக வாங்குகிறார். தம் அளவுக்குத் தைக்கிறார். ஓரத்தையும் கட்டத்தையும் தெரிந்து கேட்கிறார்.

வாடகையோடு மற்றொரு போட்டியும் உண்டு. எடின்பரோவின் சுற்றுலாக் கடைகளில் தொங்கும் மலிவான கில்டுகளில் பல கம்பளியே அல்ல, செயற்கை இழை. பாகிஸ்தானிலுள்ள சியால்கோட் போன்ற இடங்களில் தைத்து வருபவையும் உண்டு. சியால்கோட் தையற்காரரைக் குறைகூற நான் விரும்பவில்லை. அவரும் நம்மைப்போல் பிழைப்புக்காக உழைப்பவர்தாம். ஆனால் எட்டு கஜத்துக்குப் பதில் குறைந்த துணியில், கட்டக் கணக்குப் பாராமல் மடித்த கொசுவம் கையால் தைத்த கில்டின் அருகில் அதே பெயரோடு தொங்குகிறது. பழகாத கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. நம் கைத்தறி ரகங்களுக்கு நேர்ந்திருப்பதை அறிந்த அங்கத்தினர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஸ்காட்லாந்து பார்லிமெண்டு 2008-ம் ஆண்டில் சட்டமியற்றி, 2009 பிப்ரவரியில் டார்ட்டன் பதிவேடு ஒன்றைத் தொடங்கிற்று. அதில் கட்டத்தைப் பதிவு செய்யலாம். ஆனால் அப்பதிவு புதிய உரிமை எதையும் கொடுப்பதில்லை. துணியை யார் நெய்கிறார், எங்கே தைக்கிறார் என்பதையும் அது கவனிப்பதில்லை. 2021-ல் பிரிட்டனின் பாரம்பரியக் கைத்தொழில்களுக்கான சங்கம், கையால் கில்ட் தைப்பதை அழியும் ஆபத்திலுள்ள தொழில்களின் பட்டியலில் சேர்த்தது. உலகமெங்கும் பெயர் தெரிந்த உடை. அதைத் தைக்கத் தெரிந்த கைகள் குறைகின்றன.

ஆகவே கில்டை மறுபடியும் தினசரி வேலைக்கு உடுத்த முயல்பவர்களை நான் வேடிக்கை மனிதராகக் கருதவில்லை. எடின்பரோவில் ஹோவி நிக்கல்ஸ்பி என்பவர் 1996-ல் தொடங்கிய கடையில் டார்ட்டனை விட்டு டெனிம், ட்வீடு போன்ற சாதாரணத் துணிகளில் கில்ட் தைத்தார். தாமும் அதையே அன்றாடம் உடுத்தினார். அமெரிக்காவில் சியாட்டில் நகரில் 2000-ம் ஆண்டில் தொடங்கப்பட்ட ஒரு நிறுவனம் கெட்டிப் பருத்தித் துணியில், பைகள் வைத்து, தச்சரும் கட்டட வேலைக்காரரும் உடுத்தத்தக்க கில்டை விற்றது. பழைமை விரும்புவோர் இதைக் கில்ட் என்றே ஒப்பமாட்டார்கள். ராலின்சனின் உலை ஆட்கள் பார்த்திருந்தால் ஒப்பியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

எல்லா வேலையிடமும் வரவேற்கவில்லை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துத் தபால்காரர் ஒருவர், நாள் முழுதும் நடப்பவனுக்குக் கால்சட்டை தொடையில் உராய்கிறது, சூடேறுகிறது என்று சொல்லி, சீருடையில் கில்டையும் விருப்ப உடையாகச் சேர்க்கவேண்டும் என்று தம் தொழிற்சங்கத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். 2008-ல் கூடிய மாநாட்டில் அது தோற்றது. அவருடைய காரணங்கள் டங்கன் ஃபோர்ப்ஸின் காரணங்களைப் போன்றவையே. முடிவும் அவ்வாறே ஆயிற்று.

தினசரி உடுத்துவதில் உள்ள சிரமங்களையும் மறைக்காமல் சொல்லவேண்டும். சுழலும் இயந்திரத்தின் அருகில் தளர்ந்த கொசுவம் ஆகாது. ஏணி ஏறும் வேலைக்கும் ஆகாது. காரணம் சொல்லத் தேவையில்லை. கம்பளிக் கில்டில் பை கிடையாது. அதனால்தான் முன்புறம் ஸ்போரன் என்னும் தோல் பையைத் தொங்கவிடுகிறார்கள். மேசையில் உட்கார்ந்து எழுதுகையில் அதை இடுப்பின் பக்கமாகத் தள்ளிக்கொள்ள வேண்டியிருக்கும். உட்காரும்போது இரு கைகளாலும் பின்கொசுவத்தைக் கீழ்நோக்கி நீவிக்கொண்டு உட்காரவேண்டும். தவறினால் மாலைக்குள் கொசுவம் அத்தனையும் கசங்கிவிடும். முன்மடிப்பில் குத்தும் ஊசி மேல்துணியில் மட்டும் குத்தப்படும்; இரண்டு துணியையும் சேர்த்துக் குத்தினால் நடையில் துணி கிழியும். நம் வேட்டியைப் போல் தினமும் துவைக்க இயலாது. தூசி தட்டி, கறையை மட்டும் துடைத்து, காற்றாட இரவில் தொங்கவிடுவார்கள். கொசுவம் கலைந்தால் ஈரத்துணி போட்டு இஸ்திரி செய்வார்கள்.

எடைக்கும் வழி கண்டிருக்கிறார்கள். அன்றாடம் உடுத்த விரும்புவோர் பலர் எட்டு கஜத்தை விட்டு ஐந்து கஜமும், பதினாறு அவுன்ஸை விட்டுப் பதின்மூன்று அவுன்ஸும் கேட்கிறார்கள். இரட்டை அகலத்தில் இரண்டரை கஜம், முப்பத்திரண்டரை அவுன்ஸ், ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. எடை பாதியாகிறது, விலையும் இறங்குகிறது, கோடையிலும் உடுத்த முடிகிறது. கொசுவம் குறைவதால் வீச்சு குறையும் என்பது மட்டும் நஷ்டம். தறியில் நெய்பவருக்கும் இதில் ஒரு சிரமம் உண்டு. துணி மெலிந்தால் ஓரம் சுருளப் பார்க்கும். ஆகவே பதின்மூன்று அவுன்ஸ் துணிக்குத்தான் ஓர இழையின் இழுப்பை இன்னும் கவனமாக வைத்து நெய்யவேண்டியிருக்கிறது.